பகல் தீ

குளிப்பாட்டித் துடைத்து நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த ஆதிநாராயணனுக்கு எந்தச் சட்டையைப் போடுவது என்று வீட்டுக்குள் சண்டை வந்துவிட்டது. மருமகன் குப்புராஜ் காலையிலேயே கும்மிடிப்பூண்டி பஜாருக்கு ஓடிப்போய், கடை திறக்கிறவரை வாசலில் நின்று, பளபளவென்று ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிவந்திருந்தான். பட்டனெல்லாம் தங்க நிறம். குணசுந்தரி அதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினாள்.

“இது நைலானு. இத்தப் போட மாட்டாரு.”

“இப்ப வர்றதெல்லாம் இந்தத் துணிதான் அத்தை. மாமா மாப்ள மாதிரி இருப்பாரு பாருங்க.”

“எப்பிடினா இருந்துட்டுப் போவட்டும். பருத்தியத் தவுர வேற எதையும் ஒடம்புல ஏத்தாத மனுசன். இப்ப கேக்க ஆளு இல்லன்னு ஏத்திடுவீங்களா மாப்ள?”

குப்புராஜ் சட்டையை மடித்துக் கவருக்குள் வைத்தான். மகள் திலகவதி பெட்டியைக் கிளறி, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன ஒரு பருத்திச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதன் கைக்குள் அப்பாவின் கையை நுழைக்கத் தூக்கிப் பிடித்தது மகன் அன்புசெல்வன். விரல்கள் மடங்கவில்லை. அப்பாவின் கையை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்ததே இல்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சட்டை போட்டு முடித்த பிறகும் அந்தக் கையை விட மனசு வரவில்லை.

உயிர் போனது நேற்று சாயங்காலம். மழை விட்டதும் ஏரி கலங்கல் வழிகிறதைப் பார்த்துவிட்டு வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், ‘டீ போடு’ என்றார். குணசுந்தரி டம்ளரை நீட்டினாள், அவர் வாங்கவில்லை. தேர்வாய் கண்டிகையில் கம்பெனி ஷிஃப்ட்டில் இருந்த அன்புவுக்குப் போன் வந்தபோது, அவன் சூப்பர்வைசரிடம் பெர்மிஷன்கூடக் கேட்காமல் கிளம்பி வந்துவிட்டான்.

குணசுந்தரி இப்போது தலைமாட்டில் உட்கார்ந்து ராகம் போட ஆரம்பித்தாள். மற்ற பெண்கள் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

“கேட்டத் தொட்டுட்டுதான ஊட்டுக்குள்ள வருவ... இப்ப கேட்டத் தாண்டிப் போறியே என் சாமி...”

கேட்டைத் தொடுகிற அந்தப் பழக்கம் தெரு முழுக்கப் பிரசித்தம். வேலை முடிந்து வந்தால், வீட்டுக் கேட்டின் இரும்புக் கம்பியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் உள்ளே காலடி வைப்பார். ‘உங்க ஊட்டுக்காரரு கேட்டுக்குக் கும்புடு போடறாரு’ என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கிண்டல் செய்வார்கள். குணசுந்தரியும் சேர்ந்து சிரிப்பாள். அன்புவுக்கு மட்டும், சின்ன வயதில், பள்ளிக்கூடத்துப் பையன்கள் பார்க்கும்போது அவர் அப்படி நின்றால் மானம் போகும். எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்லாத மனுஷன். சிப்காட்டில் இன்னா வேலை நைனா என்று கேட்டால், ‘எறக்குற வேல’ என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். சிமெண்ட் மூட்டையோ அரிசி மூட்டையோ இறக்குகிறார் என்றே அவன் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

பின்பக்கம் போர் குழாயடியில் அவனை உட்காரவைத்து மொட்டை அடித்துக்கொண்டிருந்தபோது, ஊன்றுகோலோடு ஒருவர் நொண்டி நொண்டி வந்தார். ஸ்டீபன். அப்பாவோடு அதே கம்பெனியில் ஒரே ஷிஃப்ட்டில் காலம் தள்ளியவர். பொன்னேரியிலிருந்து ரயில் பிடித்து வந்திருந்தார். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“தம்பி, பருத்திச் சட்டைதான போட்டிங்க?”

அன்பு நிமிர்ந்து பார்த்தான். கத்தி காதோரம் உரசியது. “ஆடாத தம்பி” என்றார் முடி எடுப்பவர்.

“பருத்திதான் அங்கிள். அது இன்னா அப்பிடி ஒரு பிடிவாதம்?”

“இன்னாடா இது! ஊட்டுல சொன்னதே இல்லியா உங்க நைனா?” ஸ்டீபன் கவிழ்த்துவைத்த வாளியின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். “மெத்தனால்டா. டேங்கர் டேங்கரா வரும். பாத்தா தண்ணி. பச்சத் தண்ணிக்கும் அதுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அத எறக்கித் தொட்டில ஏத்தறது, டிரம்முல புடிக்கிறது, அதான் எங்க வேல. இருட்டுல நைலான் சட்டையக் கழட்டுனா சடசடன்னு பொறி வரும் பாரு, அந்தத் துளிப் பொறி போதும் அதுக்கு. டேங்கர் நிக்கற யார்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல ஒரு செம்புக் கம்பி இருக்கும். அத்தப் புடிச்சா ஒடம்புல இருக்கற கரண்டு மண்ணுல எறங்கிடும். அப்பாலதான் கால உள்ள வெக்கணும். செல்போன வெளிய வெச்சிடணும். ஸ்பேனர்கூட பித்தளையில.”

“ஊட்டு கேட்டையும் தொடுவாரு.”

“தொடுவாரா?” ஸ்டீபனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “ஊடு வரைக்கும் வந்துடுச்சா அது? ஐயோ நாராயணா!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொல்ல ஆரம்பித்தார். அன்புவின் மொட்டையில் வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. மூன்று நாள் மழைக்குப் பிறகு வருகிற வெயில், கேட்கவா வேண்டும்.

“இதே மாதிரி ஒரு மத்தியானம். நல்ல வெயிலு. ஹோஸ் ஜாயிண்ட்டுல கசிஞ்சி, யார்டு முழுக்கப் பரவிக் கெடந்திருக்கு. பக்கத்து ஷெட்டுல எவனோ கிரைண்டிங் போட்டிருக்கான். பொறி பட்டுப் புடிச்சிக்கிச்சு. ஆனா எங்களுக்குத் தெரியாது தம்பி! ஏன்னா, அது எரிஞ்சா பொகை வராது. செவப்பு வராது. ராத்திரினா லேசா நீலமாத் தெரியும். பகல்ல, வெயில்ல, ஒண்ணுமே தெரியாது. சும்மா காலி இடம் மாதிரி இருக்கும். உள்ள கால வெச்சா, செத்தான்.”

“அப்பறம்?”

“நாங்க ஆறு பேரும் உங்க நைனாவும் நடுவுல. சாப்பாட்டு மணி அடிச்சிடுச்சு, கெளம்பிட்டோம். உங்க நைனாதான் ‘நில்லுங்கடா’ன்னு கத்துனாரு. சொவரோரம் காஞ்ச புல்லு இருந்திச்சி. அது பாட்டுக்கு, ஆளே இல்லாம, சுருண்டு சுருண்டு கருப்பாவுது. அதப் பாத்துட்டாரு. அவரு காலடில ஒரு தொடப்பம் கெடந்திச்சி, கம்பு கட்டுன நீளத் தொடப்பம். எடுத்து முன்னாடி நீட்டிக்கினு நடந்தாரு. நீட்டுன எடத்துல தொடப்பம் குப்புனு புடிச்சிக்கிச்சுன்னா அங்க நெருப்பு இருக்குதுன்னு அர்த்தம். ஒதறிட்டு அடுத்த பக்கம் நீட்டுவாரு. புடிக்கலைன்னா அங்க கால வெப்பாரு. அவர் கால வெச்ச எடத்துல நாங்க கால வெச்சோம். ஒருத்தன் தோளை ஒருத்தன் புடிச்சிக்கினு. ரெண்டு பக்கமும் அனல். கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல. சாமி மேல சத்தியமா சொல்றேன் தம்பி, கர்த்தர் முன்னாடி போற மாதிரி இருந்திச்சி எனக்கு.”

அன்புவுக்கு நம்ப முடியவில்லை. கரப்பான்பூச்சி பறந்தால் ‘குணா, குணா’ என்று கூப்பிடுகிற மனுஷனா? கத்தியை நிறுத்திவிட்டு முடி எடுப்பவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பயமா இல்லியா நாராயணான்னு அப்பால கேட்டேன். ‘பயந்துதான்டா தொடப்பத்த எடுத்தேன்’னாரு. ரெண்டு நாள் சோறு எறங்கல அவருக்கு. ஊட்டுல ஒண்ணும் சொல்லலியா?”

“இல்ல அங்கிள்.”

“எப்பிடிச் சொல்லுவாரு. சொன்னா உங்கம்மா அடுத்த நாள் வேலைக்கு அனுப்புமா?” ஸ்டீபன் கோலை ஊன்றி எழுந்தார். “அதுக்கு ஒரு வருசம் முன்னாடி ஒரு பையன் என்ன பண்ணான் தெரியுமா. குப்பையக் கொளுத்தறப்ப, இன்னும் புடிக்கலன்னு நெனச்சி, எரியறதுமேலயே இன்னொரு மக்கு சரக்கு ஊத்துனான். அது ஊத்துற தாரையப் புடிச்சிக்கினு மேல ஏறி மக்குக்குள்ள பூந்துடும் தம்பி. அப்பிடியே மூஞ்சில துப்பிடும். கல்யாணம் நிச்சயமான பையன். உங்க நைனாதான் அவனத் தூக்கிக்கினு ஓடுனது. அதுல வெந்துதான் அவரு உள்ளங்கை ரேகையெல்லாம் அழிஞ்சி வழுவழுன்னு இருக்கும் பாரு.”

அன்பு கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்த கைதான் அது. வேலையில் தேய்ந்துபோன கை என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

தப்படிக்கிறவர்கள் வாசலில் வந்து தப்பைக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். ‘என்னால தண்ணில நடக்க முடியாது தம்பி, இங்கியே கும்புட்டுக்கறேன்’ என்று ஸ்டீபன் பாடையின் காலடியில் நின்றுவிட்டார். குப்புராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கும் இங்கும் பறந்தான். டிராக்டரில் போன விறகு முழுக்க நனைந்து கிடக்கிறதாம், வரட்டியும் பொதபொதவென்று ஊறிப்போயிருக்கிறதாம்.

“பங்க்குக்குப் போற ரோட்டுல இடுப்பளவு தண்ணி. கிருஷ்ணாயிலுக்கு எங்க போறது? நீ கவலப்படாத மச்சான். நான் பாத்துக்கறேன்” என்று அன்புவின் ஈரத் தோளைத் தட்டிவிட்டு, பைக்கை முறுக்கிக்கொண்டு கிளம்பினான். இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை அவனுக்கு. நல்ல மனுஷன்தான். எந்த வீட்டில் விசேஷமானாலும் துக்கமானாலும், எனக்குத் தெரியும் நான் பாத்துக்கறேன் என்று முதல் ஆளாக நிற்பான். பாதி விஷயம் அவனுக்குத் தெரியவும் தெரியும்.

பாடை தூக்குவதற்கு முன்னால் குணசுந்தரி மகனின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

“கொள்ளி வெச்சிட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாது. தெரியும்ல?”

“தெரியும்மா.”

“தெரியும்னு சும்மா சொல்லாத. எங்கப்பாவுக்கு எங்கண்ணன்தான் வெச்சான். பாசத்துல ஒரே ஒரு தபா திரும்பிட்டான். அந்த வருசம் முடியறதுக்குள்ள சுடுகாட்டோர ஏரில முழுகிப் போய்ட்டான். எங்கப்பா தனியாப் போவல, அவனையும் கையப் புடிச்சி இட்டுக்கினு போய்ட்டாரு. எனக்கு இருக்கறது நீ ஒருத்தன். யாரு கூப்ட்டாலும், எது நடந்தாலும் திரும்பாத. என் தலையில அடிச்சி சத்தியம் பண்ணு.”

அவனுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மாவின் கண்ணைப் பார்த்தபோது நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் ஒரு பேச்சாகவே தோன்றவில்லை. அவள் தலைமேல் கை வைத்தான்.

சுடுகாடு ஏரிக்கரையை ஒட்டி, பனைமரங்களுக்கு இந்தப் பக்கம். முழங்கால் தண்ணீரில் பாடையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் தோள் மாற்றித் தோள் மாற்றி ஆட்கள் களைத்துவிட்டார்கள். மேட்டு நிலத்தில், மணலில், எரிக்கிறவர் சுப்பராயன் விறகை அடுக்கி வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து நின்றார்.

“பொழுது சாஞ்சாலும் புடிக்காது போலிருக்கே. ஈரம் சொட்டுது.”

கிழக்கே சிப்காட் குழாய்கள் புகைந்துகொண்டிருந்தன. வெயில் தண்ணீரில் பட்டு எல்லாப் பக்கமும் கண் கூசியது. பெரியப்பா பூவராகவன் சடங்கை நடத்திக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பெரியப்பா மகன், முறையில் ஒரு நூல் பிசகினாலும் கத்துகிற ஆள். வாய்க்கரிசி போடுகிறவர்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். பருத்திச் சட்டையோடு அப்பா விறகுமேல் படுத்திருந்தார். அந்த வெயிலிலும் அன்புவுக்குக் குளிர்கிற மாதிரி இருந்தது. துடைப்பத்தை நீட்டிக்கொண்டு நடந்த ஒருவர், இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் அவனோடு சாப்பிட்டிருக்கிறார், ஊறுகாய் எடு என்று சொல்லியிருக்கிறார், ஒன்றும் சொல்லாமலே போய்விட்டார். யாரோ பெரிய ஆளின் பிணத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி அவனுக்குக் கை தன்னால் கூப்பிக்கொண்டது.

குப்புராஜ் வந்துவிட்டான். கையில் வெள்ளைக் கேன். தூரத்தில் சுப்பராயனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பது அரைகுறையாகக் காதில் விழுந்தது.

“டீசல் நாறும்யா. இது நம்ம பவுண்டரி ஐட்டம். ஃபிரண்டுகிட்ட கேட்டு வாங்கிக்கினு வந்தேன். பொகையே வராது. மாமா காலம் பூரா தொட்டுப் பொழச்ச பொருளு, அதுலயே அவர அனுப்பறேன்.”

வரட்டிமேலும் விறகுமேலும் அவன் ஊற்றினான். அன்புவின் தோளில் தண்ணீர்க் குடத்தை ஏற்றிவிட்டார்கள். சுற்றி வந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் பெரியப்பா கத்தியின் முனையால் குடத்தில் ஓட்டை போட்டார். தண்ணீர் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தான். எரிகிற கட்டையைக் கையில் கொடுத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, விறகில் வைத்தான். துணியை உதறுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் கேட்டது.

“போ. திரும்பாம நேரா போ” என்றார் பெரியப்பா.

நடந்தான். மணல் சுட்டது. அம்மாவின் தலையில் வைத்த கையை இறுக்கி மூடிக்கொண்டான். இந்த ஒரு காரியத்தையாவது சொன்னபடி செய்துவிட வேண்டும்.

அப்போதுதான் காற்று திரும்பியது. லேசான இனிப்போடு ஒரு வாடை. ஷிஃப்ட் முடிந்து வருகிற அப்பாவின் சட்டையில், கொக்கியில் தொங்கும்போது, வருகிற அதே வாடை. அவர் ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் இல்லாமல்போன வாடை. முதலில் அவனுக்கு அழுகைதான் வந்தது. அப்புறம்தான் கவனித்தான். பின்னால் விறகு வெடிக்கிற சத்தமே இல்லை. புகை வாசனையும் இல்லை.

“புடிக்கலியே” என்று சுப்பராயன் சொல்வது கேட்டது. “அணைஞ்சி போச்சு போலிருக்கு.”

“நகுருயா. பாதி கேன் இருக்கு. இன்னொரு தபா நல்லா ஊத்தித் தரேன்” என்றது குப்புராஜின் குரல். கேனின் மூடி திருகுகிற சத்தம்.

அன்பு நின்றுவிட்டான். நிற்பதே தப்பு. “நிக்காதடா!” என்று பெரியப்பா அதட்டினார். திரும்பாமலே கத்தலாம் என்று பார்த்தான். “மாமா, ஊத்தாத!” என்று கத்தினான். “அழுவாத மச்சான், நீ போ, நான் பாத்துக்கறேன்” என்று பதில் வந்தது, பாசமாக, நடந்துகொண்டே.

திரும்பினான்.

அங்கே ஒன்றுமே இல்லை. விறகு இருந்தது, வரட்டி இருந்தது, எல்லாவற்றின்மேலும் வெயில் இருந்தது. ஆனால் விறகுக்குப் பின்னால் நின்ற பனைமரங்கள் நெளிந்துகொண்டிருந்தன. மரம் மட்டும் இல்லை, ஏரி, ஏரிக்கு அப்பால் கம்பெனிக் குழாய்கள், எல்லாமே அடியிலிருந்து மேல்வரை தளதளவென்று ஆடின. மேலே போட்டிருந்த சாமந்தி மாலை, யாரும் தொடாமல், பூப் பூவாகச் சுருங்கிக் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த வெறும் இடத்தைப் பார்த்து, மூடி திறந்த கேனைச் சாய்த்துப் பிடித்தபடி, குப்புராஜ் போய்க்கொண்டிருந்தான்.

“மாமா! எரியுது! எரிஞ்சிக்கினு இருக்குது!”

“எங்கடா எரியுது?” குப்புராஜ் நிற்கவில்லை.

“பாவி, திரும்பிட்டானே!” என்று பெரியப்பா வந்து அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். அவரைத் தள்ளிவிட்டு ஓடினான். ஈர வேட்டி காலைத் தடுக்கியது. எட்டிப் போய்க் குப்புராஜின் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தான். இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். கேன் எகிறிப் போய், ஏரித் தண்ணீர் தேங்கிக் கிடந்த பள்ளத்தில் குபுகுபுவென்று கொட்டியது.

“உனுக்குப் பைத்தியமாடா?” குப்புராஜ் அவன் சட்டை போடாத தோளைப் பிடித்து உலுக்கினான். “அப்பா செத்தா எல்லாருக்கும்தான் துக்கம்...”

பாடையிலிருந்து உருவிப் போட்டிருந்த தென்னங்கீற்று ஒன்று பக்கத்தில் கிடந்தது. அன்பு அதை எடுத்துக்கொண்டு எழுந்தான். கை நீட்டி, அதன் நுனியை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக விறகை நோக்கிப் போனான். அனல் முகத்தில் அறைந்தது. விறகைத் தொட இன்னும் எவ்வளவோ இடம் இருக்கும்போதே, வெறும் காற்றில், கீற்றின் நுனி பழுத்தது, சுருண்டது, குப்பென்று மஞ்சளாகப் பிடித்துக்கொண்டது.

தப்புச் சத்தம் நின்றுபோனது. யாரோ ‘முருகா’ என்றார்கள். சுப்பராயன் இத்தனை காலம் பிணம் எரித்தவர், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். எரிகிற கீற்றைக் கையில் பிடித்தபடி அன்பு அசையாமல் நின்றான். இதற்குள்ளேதான் அவர் நடந்திருக்கிறார். ஆறு பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு, இதற்குள்ளே. இப்போது அதே நெருப்பின் நடுவில் படுத்திருக்கிறார். இதைப் பார்த்துவிட்டு உயிரோடு இருக்கிறோமே என்று இருந்தது அவனுக்கு. பயமா, பெருமையா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. ‘நைனா’ என்று சத்தமாகவே கூப்பிட்டான்.

பிறகு விறகின் அடியில் ஒரு வரட்டி மஞ்சளாகப் பிடித்தது. அதைத் தொட்டு இன்னொன்று. புகை எழுந்தது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. இது தெரிந்த நெருப்பு.

குப்புராஜ் மணலில் உட்கார்ந்தே இருந்தான். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ரோமம் பொசுங்கிப் பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு புருவத்தில் பாதி இல்லை.

“ஷெட்டுக்குள்ள நீலமாத் தெரியும் மச்சான்” என்றான். “மோல்டுக்கு இந்தச் சரக்குல கலந்த பெயிண்ட் அடிச்சி டெய்லி கொளுத்தறோம். சத்தியமா நீலமாத் தெரியும். அணைஞ்சிட்டா தெரியாது. அதான்... எனக்குத் தெரியும்னு...”

“எழுந்திரு மாமா.”

“ரெண்டும் பொட்டப் புள்ளடா எனக்கு.”

பெரியப்பா பக்கத்தில் வந்து நின்றார். கத்தப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் எரிகிற பக்கத்தைப் பார்த்து ஒருமுறை கை கூப்பினார். “கெளம்புங்க. இனிமே திரும்பாம போங்க” என்றார். கொஞ்ச தூரம் வந்த பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “குணாகிட்ட யாரும் எதுவும் சொல்லிக்க வேணாம். அவ தாங்க மாட்டா” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கலங்கல் தண்ணீரில் முழுகிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் செம்பில் தண்ணீர் இருந்தது. காலைக் கழுவி, உள்ளே ஏற்றியிருந்த விளக்கைப் பார்த்துவிட்டு அன்பு நிமிர்ந்தபோது, குணசுந்தரி சுவரோரம் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

“திரும்பிப் பாத்தியா?”

“எங்க அத்தை, நேரா வந்துட்டான்” என்று குப்புராஜ் முந்திக்கொண்டான். “கெட்டிக்காரன்.”

“நான் அவனக் கேட்டேன்.”

பெரியப்பா வேறு பக்கம் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகிற விஷயம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. ஒன்றும் சொல்லாமலே ஒரு ஆயுசை ஓட்டிவிட்டுப் போன மனுஷனை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தான். அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“பாத்தேன்மா. மாமா கேனத் தூக்கிக்கினு கிட்ட போனாரு. எரியறது அவருக்குத் தெரியல. நைனா கம்பெனில எறக்குற சரக்கு அது. எரிஞ்சா கண்ணுக்குத் தெரியாது. ஊத்தியிருந்தா மாமா இப்ப இல்ல. எனக்கு வேற வழி தெரியல.”

திலகவதி அப்போதுதான் புருஷனின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். “ஐயோ, புருவம்...” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். குப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டான். சின்னப் பெண் அவன் மடியில் ஏறி அந்தப் பொசுங்கிய கையைத் தடவிப் பார்த்தது.

குணசுந்தரி அடிப்பாளோ, தலையில் அடித்துக்கொண்டு அழுவாளோ என்று அன்பு காத்திருந்தான். கொல்லையில் யாரோ அண்டாவை உருட்டினார்கள்.

“எப்பிடி இருந்தாரு?” என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை.

“நீ பாத்தல்ல. எப்பிடி இருந்தாரு?”

“தெரியலமா. நெருப்பே தெரியல. அவரு மேல காத்து மட்டும் ஆடிக்கினு இருந்திச்சி. பின்னாடி பனமரம் எல்லாம் ஆடுச்சி.”

அவள் தலையை மட்டும் மெதுவாக ஆட்டினாள். கையை ஊன்றி எழுந்தாள். சமையல்கட்டைத் தாண்டி, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை எடுத்தாள். அந்தப் பக்கம் நாற்று நட்ட கழனியெல்லாம் தண்ணீராகக் கிடந்தது. அதற்கு அப்பால் ஏரிக்கரையும் பனைமரங்களும்.

“அம்மா, அந்தப் பக்கம் பாக்கக் கூடாது. உள்ள வா” என்று திலகவதி பின்னாலேயே ஓடினாள்.

“இருடி” என்றாள் குணசுந்தரி. வெயில் கண்ணில் அடித்தது. புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.